வங்கி ஏற்கும் சொலிசிட்டர், உங்களுக்கு ஏற்ற சொலிசிட்டர்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ மோர்ட்கேஜ் எடுத்து வீடு வாங்குகிறவர் அமர்த்தும் சொலிசிட்டருக்குப் பெரும்பாலும் கட்சிக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் வீட்டை வாங்குபவர். இன்னொருவர் கடன் கொடுக்கும் வங்கி அல்லது பில்டிங் சொசைட்டி. கட்டணம் முழுவதும் வாங்குபவரின் பையிலிருந்துதான் போகிறது என்பதால் இந்த இரண்டாவது கட்சிக்காரர் பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடன் அடையும்வரை வீட்டின்மேல் வங்கிக்கு உரிமை உண்டு. பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் அதன் பணமும் முடங்கும். வாங்குபவருக்காகப் பார்க்கும் அதே ஆவணங்களைத்தான் வங்கிக்காகவும் பார்க்க வேண்டியிருப்பதால், ஒரே சொலிசிட்டர் இருவருக்கும் சேர்த்துச் செய்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்ய யாரை நம்பலாம் என்று ஒவ்வொரு வங்கியும் வைத்திருக்கும் பட்டியலுக்குப் பேனல் என்று பெயர். கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, என் வங்கியின் பேனலில் நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்டாக வேண்டும். ஆனால் ஆம் என்ற பதிலோடு தேடலை நிறுத்திவிடவும் கூடாது. பேனல் என்பது வங்கி தன் பணத்தைக் காக்கப் போட்ட வேலி; வாங்குபவரின் நலனுக்காக யாரும் தயாரித்த பட்டியல் அல்ல.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? வாங்குபவரின் சொலிசிட்டர் பேனலில் இல்லையென்றால் வங்கி தனக்கென வேறொருவரை அமர்த்தும். அவருடைய கட்டணமும் வழக்கமாக வாங்குபவர் தலையில்தான் விழும். ஒவ்வொரு ஆவணத்தையும் இரண்டு பேர் பார்ப்பார்கள், இரண்டு பேரும் கேள்வி கேட்பார்கள், வாரங்கள் ஓடும். இல்லையென்றால் பாதி வழியில் சொலிசிட்டரை மாற்ற வேண்டும். அடையாளச் சோதனை, பண மூலச் சோதனை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். விற்பவர் வேறொரு வீடு வாங்கக் காத்திருந்தால் அந்தச் சங்கிலியே நின்றுபோகலாம். ஒருமுறை கேட்டதும் போதாது. 2022 செப்டம்பரில் அரசின் மினி பட்ஜெட்டுக்குப் பிறகு வங்கிகள் மோர்ட்கேஜ் திட்டங்களை நூற்றுக்கணக்கில் திரும்பப் பெற்றன. அப்படிப்பட்ட நேரத்தில் புரோக்கர் வேறு வங்கிக்கு மாற்றச் சொல்வது இயல்பு. வங்கி மாறினால் பேனலும் மாறும். வாடகைக்கு விடுவதற்கென்று கடன் தரும் சிறப்பு நிறுவனங்களின் பேனல்கள் இன்னும் குறுகலாக இருப்பதுண்டு.

பேனலில் சேர்க்க வங்கி எதைப் பார்க்கிறது? அந்த நிறுவனம் முறைப்படி கண்காணிக்கப்படுகிறதா, காப்புறுதி போதுமா, லா சொசைட்டி நடத்தும் கன்வெயன்சிங் (வீட்டுப் பத்திர வேலை) தரச் சான்று இருக்கிறதா என்று பார்க்கிறது. ஒருவர் தனியாக நடத்தும் நிறுவனங்களைச் சில வங்கிகள் ஏற்பதில்லை. நீண்டகாலமாக அந்த வங்கியின் வேலை எதுவும் செய்யாத நிறுவனம் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவதும் உண்டு. இவற்றில் பல, திறமையைவிட வங்கியின் வசதியைச் சார்ந்தவை. 2012 ஜனவரியில் எச்எஸ்பிசி தன் பேனலை வெறும் 43 நிறுவனங்களாகச் சுருக்கியது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அதை விரித்தது. அந்த இடைக்காலத்தில் பட்டியலுக்கு வெளியே நின்ற ஆயிரக்கணக்கான சொலிசிட்டர்கள் ஒரே நாளில் வேலை மறந்தவர்கள் ஆகிவிடவில்லை.

அப்படியானால் லண்டனின் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் தமிழில் பேசி வேலை செய்யும் சிறு நிறுவனங்களை இந்த ஏற்பாடு ஓரங்கட்டுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. டெபாசிட்டுக்குப் பணம் தரும் பெற்றோருக்கு, தாங்கள் எதில் கையெழுத்திடுகிறோம் என்பதைத் தங்கள் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்வது பெரிய பாதுகாப்பு. ஆனால் சிறு நிறுவனம் என்றாலே பேனலில் இருக்காது என்று முடிவுகட்டத் தேவையில்லை. பல வங்கிகளின் பட்டியலில் இருக்கும் சிறு நிறுவனங்கள் ஏராளம். விரும்பிய சொலிசிட்டர் எந்தெந்த வங்கிகளுக்கு வேலை செய்கிறார் என்று முதலிலேயே கேட்டு, அந்தப் பட்டியலைப் புரோக்கரிடம் கொடுக்கலாம். வட்டியில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் அந்த வழியே நல்லது. வித்தியாசம் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 3,00,000 பவுண்டு கடனில் 0.2 சதவீதம் கூடினாலே ஆண்டுக்குச் சுமார் 600 பவுண்டு.

ஒருவரே இரு தரப்புக்கும் வேலை செய்தால் யார் பக்கம் நிற்பார் என்ற சந்தேகம்தான் இவை எல்லாவற்றிலும் கனமானது. சொலிசிட்டருக்கு வங்கிகள் இடும் கட்டளைகள், அவற்றின் பொது அமைப்பான யூகே ஃபைனான்ஸின் கையேட்டில் இருக்கின்றன. இணையத்தில் யாரும் படிக்கலாம். முதல் பகுதி எல்லா வங்கிக்கும் பொது, இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாகப் பதில் சொல்லியிருக்கும். விற்பவர் அந்த வீட்டை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லையென்றால் சொலிசிட்டர் அதை வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இதன் பின்னணி புரிய, மோர்ட்கேஜ் எக்ஸ்பிரஸ் என்ற கடன் நிறுவனம் சொலிசிட்டர் நிறுவனமான பவர்மன் மேல் தொடுத்த வழக்கைப் பார்க்கலாம். 2,20,000 பவுண்டுக்கு விற்கப்பட்ட லண்டன் ஃபிளாட் ஒன்றை, அதை விற்பவரே அதே சமயத்தில் 1,50,000 பவுண்டுக்குத்தான் வாங்கிக்கொண்டிருந்தார் என்று சொலிசிட்டருக்குத் தெரியவந்தது. கடன் நிறுவனத்துக்கு அது சொல்லப்படவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று 1990களில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் குடும்பங்களில், வங்கிக்குத் தெரிவிக்கும் இந்தக் கடமை முட்டும் இடம் டெபாசிட். அண்ணன் கொஞ்சம், மாமா கொஞ்சம், சீட்டு எடுத்தது கொஞ்சம், நகை விற்றது கொஞ்சம் என்று சேர்ந்த பணமாக இருக்கும். உறவினர் தந்த பணம் அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் தங்களுக்குப் பங்கும் இல்லை என்று எழுதித் தரும்படி வங்கிகள் பொதுவாகக் கேட்கும். ஆனால் மாமாவுக்கு மாதாமாதம் திருப்பிக் கட்டுவதாக வீட்டுக்குள் பேச்சு இருந்தால் அது கடன். அதைச் சொலிசிட்டரிடம் சொன்னால், வங்கிக்குத் தெரிவிக்க அவர் வாங்குபவரின் சம்மதம் கேட்பார். மறுத்தால் வங்கிக்காக அவர் தொடர்ந்து வேலை செய்ய முடியாது. இதை அவர் நம்மைக் காட்டிக்கொடுப்பதாக எடுத்துக்கொள்வது தவறு. கண்டும் காணாமல் கையெழுத்திடச் சம்மதிக்கும் சொலிசிட்டர்தான் வாங்குபவரை மோசடிக் குற்றச்சாட்டு வரை கொண்டுபோய்விடக்கூடியவர். பண மூலத்துக்கான சான்றுகளை, சீட்டுக் கணக்கும் நகைக் கடை ரசீதும் உட்பட, வீடு பார்க்கத் தொடங்கும்போதே சேர்த்துவைப்பது நல்லது.

வங்கிக்குக் கவலையே இல்லாத, ஆனால் வாங்குபவரின் வாழ்க்கையைப் பாதிக்கிற விஷயங்கள் வேறு. கால்வாசி விலையை டெபாசிட்டாக வாங்குபவர் போட்டிருந்தால், வீட்டின் மதிப்பு விழும்போது முதலில் கரைவது அவர் பணம். வங்கியின் பணம் அதற்குப் பின்னால்தான். பின்பக்கம் ஓர் அறை கட்டப் பழைய பத்திர நிபந்தனை தடுக்கிறதா, பக்கத்து வீட்டார் நம் தோட்டத்தின் வழியே நடக்க உரிமை வைத்திருக்கிறார்களா என்று வங்கி அவ்வளவு துருவாது. லீஸ்ஹோல்ட் ஃபிளாட்டில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். லீஸில் 82 ஆண்டு மிச்சம் என்றால் பல வங்கிகள் மறுபேச்சின்றிக் கடன் கொடுக்கும். ஆனால் மிச்சம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கியதும் லீஸை நீட்டிக்கும் செலவு கூடுவது நீண்டகாலச் சட்ட நிலை. அதை நீக்க 2024ஆம் ஆண்டு லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் வழிசெய்திருக்கிறது என்றாலும், அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று வாங்கும் நாளில் சொலிசிட்டரிடம் கேட்க வேண்டும். வங்கியின் கட்டளையை மட்டும் நிறைவேற்றுகிறவர் இந்த 82 என்ற எண்ணைக் கடந்து போய்விடுவார். நமக்காகப் படிக்கிறவர் அங்கே நின்று, விலையைக் குறைக்கப் பேசுங்கள் என்பார்.

எஸ்டேட் ஏஜென்ட் ஒருவரைக் கைகாட்டுகிறாரே, அவரும் பேனல் சொலிசிட்டர்தானே என்றால், பல நேரம் அது ஏஜென்ட் வைத்திருக்கும் பேனல். வங்கியின் பேனலா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆள் அனுப்பியதற்காக ஏஜென்டுக்குப் பணம் போகிறதென்றால் சொலிசிட்டர் அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். அப்படி வருகிறவர் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. அது விற்பவருக்காக வேலை செய்யும் ஏஜென்டின் சிபாரிசு என்பதை நினைவில் வைத்தால் போதும். சொலிசிட்டர் என்றால் அவர்களைக் கண்காணிக்கும் எஸ்ஆர்ஏவின் பதிவிலும், பத்திர வேலைக்கு மட்டும் உரிமம் பெற்ற கன்வெயன்சர் என்றால் அவர்களைக் கண்காணிக்கும் சிஎல்சியின் பதிவிலும் பெயரைச் சரிபார்க்கலாம். 2018 டிசம்பரிலிருந்து எஸ்ஆர்ஏவின் கீழ் உள்ள நிறுவனங்கள் வீட்டுப் பத்திர வேலைக்கான கட்டணத்தை வெளியிட வேண்டும் என்பதால் ஒப்பிடுவது சுலபம். ஆனால் அதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்: இந்த வங்கியின் பேனலில் உங்கள் நிறுவனம் இன்று இருக்கிறதா, என் கோப்பை நேரடியாகப் பார்ப்பவர் யார், அவர் விடுப்பில் போனால் யார், வங்கிக்குச் செய்யும் வேலைக்குத் தனிக் கட்டணம் உண்டா. பதில்கள் கைக்கு வந்த பிறகு விலையைப் பற்றிப் பேசலாம்.