கணைய ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் பிடிப்பது ஏன்?



இரைப்பைக்குப் பின்னால், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் கிடக்கும் உறுப்பு கணையம். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரும், சர்க்கரையை அடக்கும் இன்சுலினும் அதில்தான் சுரக்கின்றன. அதில் கட்டி வந்தாலோ, கல் சேர்ந்து ஓயாமல் வலித்தாலோ சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படுகிறது. கல் என்றால் குடிகாரர்களுக்குத்தான் வரும் என்று எண்ண வேண்டாம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சாராயத்தைத் தொட்டே அறியாத இளம் வயதினருக்கும் வருகிறது.

"ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்றார்களே, பிறகு ஏன் காய்ச்சல்? ஏன் சீழ்?" என்று பலர் கேட்கிறார்கள். வார்டு சுத்தமில்லை என்று பேசிக்கொள்வதும் உண்டு. சுத்தம் முக்கியம்தான். ஆனால் கணையத்தின் குணமே ஒரு பெரிய காரணம். கணையத்தின் தலைப் பகுதியை எடுத்தால், மீதிக் கணையத்தையும் பித்தக் குழாயையும் இரைப்பையையும் குடலோடு தைத்து இணைக்க வேண்டும். தையல் வழியே கணைய நீர் கசிந்தால், கறியையே கரைக்கிற அந்த நீர் வயிற்றுக்குள் தேங்கிக் கிருமிகளுக்கு விளைநிலமாகிவிடும். நோயால் இறுகிப்போன கணையத்தில் தையல் நன்றாகப் பிடிக்கும். மெத்தென்ற கணையத்தில், குழாயும் மெல்லியதாக இருந்தால், நூல் அறுத்துக்கொண்டு கசிவு வர வாய்ப்பு அதிகம்.

இன்னொரு காரணம் காமாலை. பித்தம் இறங்குவதற்காக ஆபரேஷனுக்கு முன்பே எண்டோஸ்கோபி மூலம் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைப்பதுண்டு. காமாலை குறையும், ஆனால் குடலில் உள்ள கிருமிகள் அதன் வழியே பித்தத்துக்குள் ஏறிவிடும். நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், முதலில் குழாய் வைத்துக்கொண்டவர்களில் 100-க்கு 74 பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. நேரே ஆபரேஷன் ஆனவர்களில் 39 பேருக்கு. அதற்காகக் குழாயே வேண்டாம் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். காமாலை மிக முற்றியவர்களுக்கும் குளிர்காய்ச்சல் உள்ளவர்களுக்கும் அது அவசியம். குழாய் வைத்த விவரச் சீட்டை மட்டும் மறக்காமல் ஆபரேஷன் டாக்டரிடம் காட்டுங்கள். எந்த ஊசி மருந்து போடுவது என்று தீர்மானிக்க அது உதவும்.

உங்கள் கையில் இருப்பவையும் உண்டு. வீட்டுக்காரர் பீடியை மறைப்பார், சம்சாரம் சர்க்கரை வியாதியை மறைப்பார். டாக்டரிடம் மறைத்தால் ரணம் ஆறும்போது அது வெளியே வந்துவிடும். பீடி, சிகரெட்டை நாலு வாரம் முன்பே விட்டுவிடுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பத்தியம் என்று வெறும் கஞ்சி குடித்து மெலிந்து போகாதீர்கள். டாக்டர் அனுமதிக்கும் அளவுக்கு முட்டை, பருப்பு சாப்பிடுங்கள். ஆபரேஷனுக்கு முன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். வயிற்று முடியை மட்டும் வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களில்தான் கிருமி குடியேறும்.

வீடு திரும்பிய பின் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், காயத்தில் சிவப்பு, சீழ், வயிற்று வலி எது கண்டாலும் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்கே போங்கள். வயிற்றில் வைத்த குழாயில் ரத்தம் வந்தால் கொஞ்சமே ஆனாலும் அன்றைக்கே, அப்போதே போக வேண்டும். காயத்தில் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கணையத்தின் வால் பகுதியை எடுக்கும்போது பக்கத்திலுள்ள மண்ணீரலையும் சில சமயம் எடுத்துவிடுகிறார்கள். மண்ணீரல் ரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டுகிற உறுப்பு. அது போனவர்களுக்கு நிமோனியா, மூளைக் காய்ச்சல் கிருமிகள் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்குத் தடுப்பூசிகள் உண்டு. முடிந்தால் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே, இல்லையென்றால் பின்பு இரண்டு வாரம் கழித்துப் போட வேண்டும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது, "மண்ணீரலை எடுத்தீர்களா?" என்று புருஷன், பெண்சாதி இருவருமே கேட்டு வையுங்கள். எடுத்திருந்தால், பத்து வருஷம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்; மண்ணீரல் இல்லை என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.