ஒரு கிரவுண்டுக்கு எத்தனை கல், எவ்வளவு முள்கம்பி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, அஞ்சாம் கிளாஸ் கணக்குதான்.

நம்மில் பல பேருக்கு வேலை சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கும். லோன் போட்டு வாங்கின மனை செங்கல்பட்டுப் பக்கமோ சொந்த ஊர்லயோ சும்மா கிடக்கும். "சீக்கிரம் வேலி போட்டுடுப்பா"ன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார். வேலி போடுறவர் வந்து பார்த்துட்டு, "ஒரு கிரவுண்டுதானே, மொத்தமா இவ்வளவு ஆகும்"னு ஒரே நம்பர் சொல்வார். அது சரியான்னு பார்க்க நம்ம கையில ஒரு கணக்கு வேணும்.

சதுர அடியை மறந்துடுங்க

வேலிக்குச் சுற்றளவுதான் கணக்கு. 40க்கு 60 மனை 2,400 சதுர அடி, சுற்றளவு 200 அடி. 20க்கு 120 மனையும் அதே 2,400 சதுர அடிதான், ஆனா சுற்றளவு 280 அடி. ரெண்டுமே ஒரு கிரவுண்டு. வேலியில 80 அடி வித்தியாசம்!

அளக்கும்போது பத்திரத்தில் இருக்கிற அளவோடு நிறுத்தாதீங்க. சர்வே கல் எங்கே இருக்குன்னு பார்த்து, எஃப்.எம்.பி. வரைபடத்தோட ஒப்பிடுங்க. சந்தேகம்னா சர்வேயரை வெச்சு அளந்துடுங்க. பக்கத்து மனைக்குள்ள அரை அடி போன வேலியைப் பிடுங்கி மறுபடி நடுறது ரெட்டைச் செலவு, கூடவே சண்டையும்.

முதல்ல கேட், அப்புறம் கல்

நம்ம உதாரணம் 40க்கு 60 மனை, 40 அடி பக்கம் ரோடு. நாளைக்கு வீடு கட்ட மணல் லாரி உள்ளே வரணும். லாரி அகலமே எட்டரை அடி வரை இருக்கும். அதனால கேட்டுக்கு நான் 12 அடி விடுவேன். மிச்சம் வேலி 188 அடி.

கல்லுக்குக் கல் அதிகபட்சம் 8 அடி இடைவெளின்னு வெச்சுக்குவோம். மொத்த நீளத்தை எட்டால வகுக்காம, ஒவ்வொரு பக்கமா எண்ணுங்க. 60 அடி பக்கத்துக்கு 8 இடைவெளி, ரெண்டு பக்கமும் சேர்த்து 16. பின்பக்கம் 40 அடிக்கு 5. முன்பக்கம் கேட்டுக்கு இந்தப் பக்கம் 14 அடி, அந்தப் பக்கம் 14 அடி, தலா 2. ஆக 25 இடைவெளி. வேலி கேட்டுல ஆரம்பிச்சு கேட்டுலயே முடியுறதால, கால் ஒண்ணு கூடுதலா வரும்: 26. இதுல கேட்டைத் தாங்குற 2 கால் கனமா இருக்கணும், அதைத் தனியா எழுதுங்க. சாதா கல் 24.

அடுத்து முட்டுக்கல். கம்பியை இழுத்துக் கட்டும்போது மொத்த இழுவையும் மூலைக்கல் மேலதான் விழும். மூலைக்கு 2, கேட் காலுக்குத் தலா 1, மொத்தம் 10. குறைச்ச விலை சொல்ற கொட்டேஷன்ல முதல்ல காணாமப் போறது இந்தப் பத்துதான். கொஞ்ச நாள்ல மூலை உள்பக்கமா சாயும், கம்பி தொங்கும்.

கம்பி கிலோ கணக்கு

5 வரிசைன்னா 188 பெருக்கல் 5, அதாவது 940 அடி. முறுக்கிக் கட்டுறதுக்கும் சேதாரத்துக்கும் பத்து சதவீதம் சேர்த்தா 1,034 அடி. ஆனா கடையில கிலோவுல விப்பாங்க. அதனால "கிலோவுக்கு எத்தனை அடி வரும்?"னு கேளுங்க. 30 அடின்னு சொன்னா உங்களுக்கு 35 கிலோ.

இங்கதான் கவனம். கேஜ் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலிசாகும். 12 கேஜைவிட 14 கேஜ் மெலிசு, அதே ஒரு கிலோவுல அடி அதிகமா வரும். அதனால ரெண்டு கொட்டேஷனைக் கிலோ விலையை மட்டும் வெச்சு ஒப்பிட முடியாது. கேஜ் ஒண்ணா இருக்கான்னு பார்த்துட்டு, அடிக்கு எவ்வளவுன்னு மாத்திப் பாருங்க.

கட்டுக்கம்பியும் விட்டுப்போகும். 26 கால், 5 வரிசைன்னா 130 கட்டு. கல்லைச் சுத்திக் கட்ட ஒண்ணுக்கு 2 அடின்னா 260 அடி.

கேட் சாமான்

ரெண்டு கதவுன்னா கதவுக்கு 3 வீதம் 6 கீல். நடுவுல ஒரு தாழ்ப்பாள், ஒரு பூட்டு. தரையில இறங்குற போல்ட் 2, அப்பதான் லாரி வரும்போது ரெண்டு கதவையும் திறந்து நிறுத்தலாம். கதவு ஒவ்வொண்ணும் 6 அடிக்குக் கொஞ்சம் குறைவா இருக்கணும். கீலுக்கும் நடுச் சந்துக்கும் இடம் வேணுமே!

இவ்வளவும் ஒரு தாள்ல அடங்கிடும். அதை போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. கல் வந்து இறங்கும்போது அங்க நின்னு எண்ணப்போறது அவர்தான். அடுத்த வாரம் பார்ப்போம்.