ஆங்கிலத் தேர்ச்சியை அளக்கும் பரீட்சைகள்

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் கடல்கடந்து படிக்கவோ பணிபுரியவோ எண்ணும்போது, ஆங்கிலத்தில் எந்தப் பரீட்சையை எழுதுவது என்ற கேள்வி எழுகிறது. ஆங்கிலமே பயிற்றுமொழியாக இருந்த பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது எளிது என்று பெற்றோர் கருதுவர். அக்கருத்து முழுதும் சரியன்று. இலக்கணம் அறிந்திருப்பதும், அருஞ்சொற்களை அடுக்கத் தெரிவதும் வேறு. உயர்நிலைப் பரீட்சைகள் அளக்க முயல்வது வேறு. இவ்வேறுபாட்டை உணர, அவற்றுள் மூத்த ஒன்றன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதாருக்கெனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1913-ஆம் ஆண்டில் ‘ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ்’ப் பரீட்சையைத் தொடங்கினர். அயல்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோரை மனத்திற்கொண்டே அது வகுக்கப்பட்டது. மொத்தம் 12 மணி நேரம்! மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதுதல், வாய்விட்டு வாசித்தல், உரையாடல் என ஒன்றையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. கட்டுரைத் தலைப்புகளுள் ‘இந்தியச் சிப்பாய்க் கலகம்’ என்பதும் ஒன்று. அதைத் தேர்ந்தெடுத்த ஐரோப்பியர் எவரேனும் இருந்தால், இரண்டு மணி நேரத்தில் என்னதான் எழுதியிருப்பாரோ! அவ்வாண்டு பரீட்சைக்கு வந்தோர் மூவர், மூவரும் தேறவில்லை.

அந்நாளைய மொழிபெயர்ப்புத் தாள் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளை அறிந்தோருக்கே ஏற்றதாக இருந்தது. பின்னர்ப் பல நாட்டவரும் பரீட்சைக்கு வரவே, அத்தாள் காலப்போக்கில் விலகி, ‘ஆங்கிலப் பயன்பாடு’ என்னும் பகுதி இடம்பெற்றது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் சற்று வருத்தமுண்டு. ஆயினும் மொழிபெயர்ப்பாளன் செய்யும் வேலை அங்கே முற்றிலும் மறைந்துவிடவில்லை. ‘தலைவர் வராமல் கூட்டம் தொடங்காது’ என்பது கொடுக்கப்பட்ட வாக்கியம் எனக் கொள்வோம். ‘வந்தால்தான்’ என்ற சொல்லைக் கொடுத்து, பொருள் மாறாமல் வேறு வகையில் எழுதுக என்றால், ‘தலைவர் வந்தால்தான் கூட்டம் தொடங்கும்’ என்போம். இத்தகைய வினாக்களே ஆங்கிலத்தில் வருகின்றன. கொடுத்த சொல்லின் வடிவத்தை மாற்றலாகாது. மூன்று முதல் எட்டுச் சொற்களுக்குள் நிரப்பவேண்டும். அகராதியை மனப்பாடம் செய்தவர் இங்கே திகைப்பர். வீட்டில் தமிழும், வீதியில் இந்தியோ மராத்தியோ, வகுப்பில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கோ, ஒரே கருத்தைப் பல வடிவங்களில் சொல்லும் பழக்கம் ஓரளவு இயல்பாகவே இருக்கிறது. அது ஒரு செல்வம்.

2013-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் இப்பரீட்சை ஏறத்தாழ நான்கு மணி நேரமாகச் சுருங்கியது. எழுத்துத் தாளில் கட்டாயக் கட்டுரை ஒன்றுண்டு: இரு சிறு பகுதிகளைப் படித்து, அவற்றின் கருத்துகளைத் தம் சொற்களில் எடுத்துரைத்து, மதிப்பிட்டு, தம் எண்ணத்தையும் சேர்த்து 240 முதல் 280 சொற்களில் எழுதவேண்டும். நம் மாணவர் இடறுவது பெரும்பாலும் இங்கேதான் என்று நான் எண்ணுகிறேன். பசுவைப் பற்றியும் செய்தித்தாளின் பயனைப் பற்றியும் நெட்டுருச் செய்த கட்டுரைகள் இங்கே உதவா. பேச்சுத் தேர்வில் பொதுவாக இருவர் சேர்ந்து அமர்வர். தேர்வாளர் ஒருவர் உரையாட, மற்றொருவர் வாய்திறவாது கேட்டு மதிப்பிடுவார். உடனிருப்பவர் சொல்வதைக் கேட்டு அதற்கேற்ப மறுமொழி கூறுவதும் மதிப்பிடப்படும்.

எல்லோருக்கும் இத்துணைக் கடினமான பரீட்சை வேண்டுவதில்லை. 1964-இல் தோன்றிய டோஃபலும், 1989-இல் தோன்றிய ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையும் வெளிநாடு செல்வோரிடையே பெரிதும் வழக்கிலுள்ளன. ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் தேர்ச்சி, தோல்வி என்பதில்லை. 9 வரையுள்ள அளவில் ஒருவர் நிற்கும் நிலையைக் காட்டுவர். அம்மதிப்பெண்ணைப் பொதுவாக இரண்டாண்டுகளுக்கே ஏற்பர். கேம்பிரிட்ஜ் சான்றிதழுக்குக் காலவரம்பு அச்சிடப்படுவதில்லை. எனினும் ஏற்கும் நிறுவனம் தன் விருப்பப்படி வரம்பு விதிக்கலாம்.

பல்கலைக்கழகம் கேட்பது ஒன்றாகவும், செவிலியர் பதிவுக்கு வேண்டுவது மற்றொன்றாகவும் இருக்கக்கூடும். பயிற்சி வகுப்பிற்குப் பணம் கட்டுமுன், சேர விரும்பும் நிறுவனத்தின் விதிகளைப் படித்தறிவது நலம். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அமைந்துவிடலாகாது. வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு ஆகிய ஒவ்வொன்றற்கும் தனித்தனிக் குறைந்த அளவு விதிப்பாரும் உளர்.