முதலில் சுவர், பிறகு தூண்

நம் ஊரில் வீடு எழும் வரிசை தெரிந்ததுதான். பில்லர், பீம், தளம். எல்லாம் முடிந்த பிறகு நடுவில் செங்கல் அடைப்பு. எடை தாங்கும் பொறுப்பு அந்தச் சுவருக்கு இல்லை. பூமி குலுங்கினால் சட்டகத்தோடு மோதி, விரிசல் விட்டு, வெளியே சரிந்து விழும்.

இந்த வரிசையையே மாற்றிப் போட்ட முறை ஒன்று உண்டு. 1928-இல் தால்கா நிலநடுக்கத்தில் அடிபட்ட சிலி நாட்டில், 1930-களில் அது பரவியது. அங்கே 1939-இல் நிலநடுக்கத்தில் சில்லான் நகரம் இடிந்தபோது வெறும் செங்கல் கட்டடங்கள் ஏராளமாக விழ, இப்படிக் கட்டியவை பெரும்பாலும் நின்றன.

இதில் சுவர்தான் முதலில் எழும். மூலைகளிலும், சுவர்கள் கூடும் இடங்களிலும், பெரிய சன்னல் கதவுகளின் இருபுறமும் தூணுக்கான இடைவெளி விடுவார்கள். அங்கே கொத்தனார் சுவரின் ஓரத்தை நேராக முடிப்பதில்லை. ஒரு வரி நீட்டி, ஒரு வரி உள்வாங்கிப் பல் விட்டுக் கட்டுவார். நடுவில் கம்பிக்கூடு. முன்னும் பின்னும் பலகை அடைத்துக் கான்கிரீட் ஊற்றினால் கலவை அந்தப் பற்களுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். மேலே பீமும் சுவரின் தலையிலேயே வார்க்கப்படும்.

செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிளக்கும். பூமி பக்கவாட்டில் உதைக்கும்போது சுவர் மூலைக்கு மூலை இழுபட்டுக் குறுக்கே வெடிக்கிறது. வெடித்த சுவர் சிதறாமல் கட்டிப்போடுவதே இந்தத் தூணின் வேலை. அதனால் தூணுக்குச் சுவரின் தடிமனே போதும். பயத்தில் தூணைப் பெருக்குவது வீண்செலவு. கணக்கு சுவரிலிருந்துதான் தொடங்க வேண்டும்: தளப் பரப்புக்கு ஏற்ற அளவு சுவர், வீட்டின் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இருக்கிறதா? கவனம் தேவைப்படுவது தூணும் பீமும் சேரும் முனையில். அங்கே ரிங்குகள் நெருங்க வேண்டும்; பீம் கம்பியைத் தூணுக்குள் வளைத்து இறக்க வேண்டும். கம்பியை முனையோடு நிறுத்திவிட்டால் கூடு அங்கேதான் பிரியும்.

இந்தியாவில் இந்த முறையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால், ஐஐடி காந்திநகரின் பாலஜ் வளாகத்தில் விடுதிகளும் பணியாளர் குடியிருப்புகளும் இருக்கின்றன.

இப்படிக் கட்டிய வீட்டில் குடியேறுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹாலைப் பெரிதாக்கச் சுவரை இடிக்காதீர்கள். உங்கள் வீட்டைத் தாங்குவது அந்தச் சுவர்தான்.