அக்காவும் வண்டியில் இருந்தாள்

இரண்டு குழந்தைகளை அழைத்துக்கொண்டு நாலு நாள் வெளியூர் போய் வந்தாலே நமக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பால் எங்கே கிடைக்கும், வெந்நீர் எங்கே கிடைக்கும், பெரியவளுக்கு ஜுரம் வந்தால் என்ன செய்வது என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும். ரயிலும் மோட்டாரும் இல்லாத காலத்தில், பன்னிரண்டு வயது நிரம்பாத பெண்ணையும் ஏழு வயதுப் பையனையும் அழைத்துக்கொண்டு ஒரு தாயார் பாதி ஐரோப்பாவைச் சுற்றி வந்தாள் என்றால் நம்ப முடிகிறதா? கோடையில் புறப்பட்டவர்கள் வீடு திரும்ப மூன்றரை வருஷம் ஆயிற்று!

அந்தத் தாயாரின் பெயர் அன்னா மரியா. பையன், பின்னால் உலகப் புகழ் பெற்ற சங்கீத மேதை வுல்ஃப்காங் மோஸார்ட். அவனைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. வண்டியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பற்றி இன்று கொஞ்சம் பேசுவோம்.

அவளுடைய முழுப் பெயர் மரியா அன்னா. வீட்டில் செல்லமாக நானர்ல் என்று கூப்பிடுவார்கள். தகப்பனார் லியோபோல்டு, இப்போது ஆஸ்திரியாவில் இருக்கும் ஸால்ஸ்பர்க் நகரில், அரசரும் மதகுருவுமாக இருந்த ஆர்ச்பிஷப்பின் அரண்மனையில் சங்கீத உத்தியோகம் பார்த்தவர். அன்னா மரியா பெற்றது ஏழு குழந்தைகள். தங்கியவை இந்த இரண்டுதான். ஐந்தைப் பறிகொடுத்த தாய், மிச்சமிருந்த இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குழந்தைகளுமே இன்றைய பியானோவுக்கு மூத்த வாத்தியமான ஹார்ப்ஸிகார்டில் கைதேர்ந்தவர்கள். தகப்பனார்தான் குரு. இந்த அதிசயத்தை உலகம் பார்க்க வேண்டும், அதோடு பணமும் வர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1763 ஜூன் 9-ம் தேதி, சொந்த வண்டியில், ஒரு வேலையாளையும் சேர்த்துக்கொண்டு குடும்பம் புறப்பட்டது.

முதல் நாளே சோதனை

வாஸர்பர்க் என்ற ஊருக்கு இரண்டு மணி நேரப் பிரயாணம் இருக்கும்போது பின் சக்கரம் சுக்கல் சுக்கலாகிவிட்டது. பக்கத்தில் அகப்பட்ட ஒரு சக்கரத்தை மாட்டினார்கள். அதுவோ சிறியது. கழன்று விழாமல் இருக்க ஒரு மரக் கொம்பை வெட்டிக் கட்டினார்கள். வண்டிக்குப் பாரம் கூடாதென்று லியோபோல்டும் வேலையாளும் நடந்தே வந்தார்கள். ஊர் போய்ச் சேர நடு இரவாயிற்று!

சக்கரம் தயாராகும் வரை பொழுது போக வேண்டுமே? தகப்பனார் பையனை மாதா கோவிலுக்கு அழைத்துப் போய், ஆர்கனில் காலால் மிதிக்கும் கட்டைகளைக் காட்டினார். பையன் முக்காலியைத் தள்ளிவிட்டு, நின்றுகொண்டே பல மாதம் பழகியவன் போல் வாசித்தானாம்.

வண்டிக்குள் நாள் முழுவதும் அடைந்து கிடக்கும் குழந்தைகள் என்ன செய்யும்? வுல்ஃப்காங் மனசுக்குள் ஒரு ராஜ்யத்தையே கட்டிக்கொண்டான். அதற்கு அவன்தான் ராஜா. குடிகள் எல்லோரும் குழந்தைகள். ஊர்களின் பெயரை அவன் சொல்லச் சொல்ல, வேலையாள் படம் வரைந்து கொடுத்தான். அக்கா என்ன செய்தாள்? பார்த்ததையெல்லாம் டைரியில் குறித்து வைத்தாள்.

அரண்மனையும் மதுக்கடையும்

பிராங்க்பர்ட்டில் கச்சேரி. கட்டைகளின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டாலும் பையன் வாசிப்பான் என்று விளம்பரம் செய்தார்கள். அதே விளம்பரத்தில், பெரிய வித்வான்களின் கடினமான உருப்படிகளைச் சிறுமி வாசிப்பாள் என்றும் கண்டிருந்தது. கேட்க வந்தவர்களில் பதினாலு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பிற்காலத்து மகாகவி கதே! பொய்முடியும் இடுப்பில் கத்தியுமாக நின்ற அந்தச் சின்ன மனிதனைக் கிழவரான பிறகும் அவர் மறக்கவில்லை.

பெரிய மனிதர்கள் பரிசு கொடுத்தார்கள், பணம்தான் கொடுக்கவில்லை. மூக்குப்பொடி டப்பியும் லேஸும் கத்தியுமாக வந்து குவிந்தன. இனி ஒரு கடையே வைத்துவிடலாம் என்று லியோபோல்டு ஊருக்கு எழுதினார். டப்பியைக் கொடுத்தால் சத்திரக்காரன் சோறு போடுவானா?

1764 புத்தாண்டு அன்று பாரிஸுக்கு அருகே வெர்ஸேல்ஸ் அரண்மனையில் ராஜ விருந்து. ராணி மேரி லெஸ்சின்ஸ்கா பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தன் கையாலேயே பலகாரம் ஊட்டினாள். ராணிக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். ராஜா பதினைந்தாம் லூயிக்குத் தெரியாது. பையனின் மழலையை ராணிதான் ராஜாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

ஏப்ரலில் கலே துறைமுகம். நானர்லுக்கு அங்கே எது அதிசயமாக இருந்தது தெரியுமா? கடல் விலகி ஓடிப் போவதையும், மறுபடி திரும்பி வருவதையும் பார்த்ததாக டைரியில் எழுதியிருக்கிறாள். மலை சூழ்ந்த ஊரில் பிறந்த பெண் வேறு எதை எழுதுவாள்! கப்பல் ஏறியதும் குடும்பம் முழுவதற்கும் வாந்தி.

லண்டனில் நாலாம் நாளே மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் கச்சேரி. சில நாட்களுக்குப் பிறகு பூங்காவில் எதிர்ப்பட்ட மன்னர், இவர்களை அடையாளம் கண்டுகொண்டு, வண்டி ஜன்னலைத் திறந்து சிரித்துக் கையை ஆட்டினார். பன்னிரண்டு வயதிலேயே ஐரோப்பாவின் மிகத் தேர்ந்த வாத்தியக்காரர்களில் தன் பெண்ணும் ஒருத்தி என்று தகப்பனார் அப்போது பெருமையோடு எழுதினார்.

அந்தக் கோடையிலேயே அவர் படுக்கையில் விழுந்தார். ஜாகையை லண்டனுக்கு வெளியே செல்ஸி கிராமத்துக்கு மாற்றினார்கள். விடுதியிலிருந்து வந்த சாப்பாடு வாயில் வைக்கும்படியாக இல்லை. அன்னா மரியா தானே அடுப்பை மூட்டிவிட்டாள்! எந்த தேசமானால் என்ன, வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையென்றால் நாம் வேறு என்ன செய்வோம்?

நோயாளி படுத்திருக்கையில் வாத்தியத்தைத் தொடக் கூடாது. எட்டு வயது வுல்ஃப்காங் சும்மா இருப்பானா? முழு வாத்திய கோஷ்டிக்கும் ஸிம்பொனி எழுத உட்கார்ந்தான். பக்கத்தில் அமர்ந்து பிரதி எடுத்தவள் அக்கா. "கொம்பு வாத்தியத்துக்கு நல்லதாக ஏதாவது கொடுக்க வேண்டும், ஞாபகப்படுத்து" என்று தம்பி சொன்னதை அவள் கடைசி வரை நினைவில் வைத்திருந்தாள்.

புதுமை எத்தனை நாள் புதுமையாக இருக்கும்? அடுத்த கோடையில் டிக்கட் விலை இறங்கிவிட்டது. ராஜாக்கள் முன்னால் வாசித்த குழந்தைகள், ஒரு மதுக்கடையின் பெரிய அறையில், தினமும் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை, தலைக்கு இரண்டரை ஷில்லிங்குக்கு வாசித்தார்கள்.

ஹேக் நகரத்து இரவுகள்

1765 ஜூலையில் லண்டனை விட்டுக் கிளம்பினார்கள். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஹாலந்திலிருந்து அழைப்பு வந்தது. இளவரசி கரோலினா பையனைக் கேட்க ஆசைப்படுகிறாளாம், அவள் கர்ப்பிணி. பிள்ளைத்தாய்ச்சி கேட்டால் மறுக்கக் கூடாது என்று லியோபோல்டு எழுதுகிறார். நம் பாட்டிமார் சொல்வது போலவே இல்லையா?

செப்டம்பரில் ஹேக் நகரம் போய்ச் சேர்ந்தார்கள். போன சில நாட்களிலேயே நானர்ல் படுத்துவிட்டாள். ஜலதோஷம் என்று ஆரம்பித்தது குடல் ஜுரமாக முற்றியது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். அக்டோபர் 21-ம் தேதி பாதிரியாரை அழைத்து, மரணத் தறுவாயில் செய்யும் சடங்கையும் செய்துவிட்டார்கள்.

தாயும் தகப்பனும் பெண்ணின் படுக்கையருகே அமர்ந்து, இந்த உலக வாழ்வு நிலையற்றது என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு! பக்கத்து அறையில் தம்பி தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். ஜுர வேகத்தில் அவள் ஜெர்மன், பிரெஞ்சு, இங்கிலீஷ் என்று மாற்றி மாற்றிப் பிதற்றினாள். துக்கத்துக்கு நடுவிலும் அது அவர்களுக்குச் சிரிப்பு மூட்டியதாம். பிரயாணம் கற்றுக் கொடுத்த பாஷைகள்!

இளவரசி தனக்குத் தெரிந்த முதிய வைத்தியர் ஒருவரை அனுப்பி வைத்தாள். பெண் பிழைத்தாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், நவம்பர் 15-ம் தேதி பையன் படுத்தான். எட்டு நாள் பேச்சில்லை. நாலு வாரத்தில் எலும்பும் தோலும் ஆனான். படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தூக்கித்தான் வைக்க வேண்டும். நடக்கவே மறுபடி பழக்கினார்கள். 1766 ஜனவரியில் இரண்டு குழந்தைகளும் சேர்ந்து மேடை ஏறியபோது அந்தத் தாயாரின் கண் எப்படி இருந்திருக்கும்!

பாரிஸ், ஜெனீவா, பெர்ன், ஜூரிக், மியூனிக் வழியாக 1766 நவம்பர் 29-ம் தேதி வீடு வந்து சேர்ந்தார்கள். பெண்ணுக்கு வயது பதினைந்து. பையனுக்குப் பதினொன்று நிரம்ப இரண்டு மாதம் இருந்தது.

அதன் பிறகு

1769 டிசம்பரில் இத்தாலிக்கு ஒரு நீண்ட பிரயாணம். இந்தத் தடவை வண்டியில் ஏறியவர்கள் தகப்பனாரும் பிள்ளையும் மட்டும். இத்தாலிக்கு மூன்று முறை போனார்கள். ஒரு முறைகூட அம்மாவையும் பெண்ணையும் அழைத்துப் போகவில்லை. நானர்ல் கல்யாண வயதுப் பெண். தம்பியின் கடிதங்களில்தான் அவள் இத்தாலியைப் பார்த்தாள். அவளும் பாட்டுக் கட்டியிருக்கிறாள். அதைப் பார்த்து அசந்துபோய் 1770-ல் தம்பி புகழ்ந்து எழுதினான். அந்தப் பாட்டு இன்று இல்லை. அவள் இயற்றியது ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

அன்னா மரியா 1778-ல், பெரியவனாகிவிட்ட பிள்ளைக்குத் துணையாகப் பாரிஸுக்குப் போன இடத்தில், ஜூலை 3-ம் தேதி காலமானாள். நானர்ல் 1784-ல், முந்திய தாரங்களின் ஐந்து குழந்தைகளோடு இருந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, தன் தாயார் பிறந்த ஸாங்க்ட் கில்கன் கிராமத்துக்கே போனாள். கணவர் போன பிறகு ஸால்ஸ்பர்க்குக்குத் திரும்பி வந்து, பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தாள். தம்பி 35 வயதில் மறைந்தபோது, அவனுடைய பால்ய விவரங்களை எழுதக் கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். அந்தக் கற்பனை ராஜ்யம், செல்ஸி ஸிம்பொனி இவற்றையெல்லாம் நாம் இன்று தெரிந்துகொண்டது அக்காவின் ஞாபகத்திலிருந்துதான். கடைசியில் கண் பார்வை இழந்து, 1829-ல், 78-வது வயதில் காலமானாள்.

அந்தப் பிரயாணம் சரியா, தவறா? இரண்டு குழந்தைகளின் உயிரை வைத்து ஆடிய ஆட்டம் என்பார்கள் சிலர். அதுவும் உண்மைதான். ஆனால் நானர்லைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அந்த மூன்றரை வருஷமும் அவள் தம்பிக்குச் சமமாக உட்கார்ந்தாள், சமமாக வாசித்தாள், சமமாகக் கைதட்டல் வாங்கினாள். கடல் ஓடிப்போய்த் திரும்பி வருவதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

இந்தக் கோடையில் குழந்தைகளை எங்காவது அழைத்துப் போகிறீர்களா? பெண்ணுக்கும் ஒரு ஜன்னலோர இடம் கொடுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுங்கள். அடுத்த பிரயாணத்திலும் அவளை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.