சடங்கும் சாட்சியும்: சுயமரியாதைத் திருமணம் குறித்த மூன்று வழக்குகள்

சுயமரியாதைத் திருமணம் பெரும்பாலும் இயக்க வரலாற்றின் ஒரு பகுதியாகவே ஆராயப்படுகிறது. நீதிமன்றங்களில் அதன் வரலாறு வேறு வகையில் பதிவாகியுள்ளது. சொத்து வழக்கு, குற்ற வழக்கு, ஆட்கொணர்வு மனு என வெவ்வேறு சட்டத்துறைகளில் அது விசாரணைக்கு வந்தது. எது நிகழ்ந்தால் திருமணம் நிகழ்ந்ததாகும் என்பதே மூன்றிலும் எழுந்த வினா.

தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்னும் சொத்து வழக்கில், 1934-இல் நடைபெற்ற சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாது என 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் சத்தியநாராயண ராவும் இராஜகோபாலனும் வழக்கை விசாரித்தனர். இந்துச் சட்டம் வேண்டும் சடங்குகள் நிகழவில்லை. அவற்றை விலக்கும் வழக்காறும் நிறுவப்படவில்லை. வழக்காறு தொன்மையுடையதாக இருத்தல் வேண்டும் என்பது சட்டநெறி. பழமையை மறுக்கவே தோன்றிய ஒரு திருமண முறையிடம் பழமைக்குச் சான்று கேட்கப்பட்டது. இம்முறையில் மணந்தோர்க்கு இது வெறும் கருத்து வேறுபாடு அன்று. மனைவி என்னும் நிலையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஐயத்திற்குள்ளாயின. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவும் மணமக்களுள் ஒருவரது வழக்காற்றுச் சடங்குகளையே அடிப்படையாகக் கொண்டதால், சிக்கல் தீரவில்லை.

அண்ணா தலைமையிலான அரசு 1967-இல் இயற்றிய திருத்தம் 7ஏ பிரிவைச் சேர்த்தது, 20.01.1968 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் அறிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தல், மாலை மாற்றுதல் அல்லது மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்றே போதும். முன்னர் இம்முறையில் நடந்த திருமணங்களும், சில விலக்குகளுக்கு உட்பட்டு, செல்லுபடியாயின. சட்டத்தின் ஆங்கில மூலத்திலேயே ‘சுயமரியாதை’, ‘சீர்திருத்த’ என்னும் தமிழ்ச் சொற்கள் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

இப்பிரிவு குற்றவியல் சட்டத்தில் ஆற்றிய பணியை அதனை இயற்றியோர் எதிர்பார்த்திருப்பார்களா என்பது ஐயமே. இருதார மணக் குற்றம் மெய்ப்பிக்கப்பட, இரண்டாம் திருமணமும் முறைப்படி நடந்திருத்தல் வேண்டும் என்று 1965-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அதனால், சப்தபதி நிகழவில்லை என்று காட்டினாலே குற்றம் சாட்டப்பட்டவர் விடுபட வழியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலும் விசாரணை நீதிமன்றம் இக்காரணத்தால் கணவரை விடுவித்தது. 7ஏ பிரிவின்படி சப்தபதி இன்றியமையாததன்று எனக் கூறி, 2001-இல் உச்ச நீதிமன்றம் அவர் குற்றவாளியே என உறுதி செய்தது. தாலி கட்டப்பட்டதற்குச் சாட்சியளித்தவர் அத்திருமணத்தை நடத்திவைத்த புரோகிதரே. புரோகிதரை விலக்கிய திருமணத்திற்காக எழுந்த பிரிவு, புரோகிதர் நடத்திய திருமணத்தை நிறுவி, முதல் மனைவிக்குத் துணைநின்றது.

சடங்கு விலகிய இடத்தில் பின்னர் ‘பகிரங்கம்’ வந்து நின்றது. வழக்கறிஞர் அறைகளில் மறைவாக நடக்கும் திருமணங்கள் இப்பிரிவின்கீழ் செல்லா என 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. மனைவியைப் பெற்றோர் அடைத்து வைத்திருப்பதாகக் கணவர் தொடுத்த ஆட்கொணர்வு மனு இக்கருத்தின் அடிப்படையில் 2023-இல் தள்ளுபடியானது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எஸ். இரவீந்திர பட், அரவிந்த் குமார் ஆகியோர் 28.08.2023 அன்று 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நிராகரித்தனர். குடும்ப எதிர்ப்புக்கு அஞ்சி மணப்போரிடம் ஊரறிய அறிவிக்கச் சொல்வது அவர்தம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அவர்கள் கூறிய காரணம். வழக்கறிஞரும், நீதிமன்ற அலுவலர் என்னும் தகுதியில் அன்றி, நண்பராகவோ உறவினராகவோ சாட்சியாக நிற்கலாம்.

எனினும் இத்தீர்ப்பு மெய்ப்பித்தல் பற்றிய சிக்கலை முற்றிலும் அகற்றவில்லை. சிலர் முன்னிலையில் மட்டும் நடந்த திருமணத்தைக் கணவர் பின்னாளில் மறுத்தால், அதனை நிறுவும் சுமை மனைவியைச் சாரும். 2001-ஆம் ஆண்டு வழக்கில் புரோகிதர் இருந்தார். இத்தகைய வழக்குகளில் சாட்சியாக எஞ்சுவோர் அன்று உடன்நின்ற நண்பர்கள் மட்டுமே.