ஆட்டக் கூலி சமம். ஆட்ட நாள் சமமா?



இந்த மாதம் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். "நமக்கும் கிரிக்கெட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? அது வீட்டு ஆம்பளைங்க டி.வி.யைப் பிடிச்சுக்கிட்டு உக்காருற சமாச்சாரம்" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். இது மட்டையும் பந்தும் பற்றிய செய்தி மட்டும் இல்லை. கூலி பற்றிய செய்தியும்தான். கூலி என்றால் நம் எல்லோருக்கும் சம்பந்தம் உண்டு.

2025ஆம் வருடம் இந்திய ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்குமே நல்ல வருடமாக அமைந்தது. மார்ச் 9 அன்று துபாயில் ஆண்கள் அணி நியூசிலாந்தைத் தோற்கடித்து சாம்பியன்ஸ் கோப்பையை வென்றது. செப்டம்பரில் ஆசியக் கோப்பைப் போட்டியிலும் வென்றது. நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நம்ம பெண்கள் அணி தென் ஆப்பிரிக்காவை 52 ரன்னில் தோற்கடித்து முதல் முறையாக உலகக் கோப்பையை வாங்கியது. 2005இலும் 2017இலும் கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்ற அணி இது.

அந்த வெற்றியும் சுலபமாக வரவில்லை. நடுவில் தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று மூன்று அணிகளிடம் வரிசையாகத் தோற்றார்கள். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று பலர் கை கழுவி விட்டார்கள். இங்கிலாந்து ஆட்டத்தில் ஜெமிமா ரோட்ரிக்ஸை அணியில் சேர்க்கவே இல்லை. அதே ஜெமிமாதான் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவுட் ஆகாமல் 127 ரன் அடித்தார். ஆஸ்திரேலியா எடுத்த 338 ரன்னைத் தாண்டி நம்மவர்கள் 341 எடுத்தார்கள். பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் இவ்வளவு பெரிய இலக்கை அதற்கு முன் யாரும் எட்டியதில்லை. ஷெபாலி வர்மா ஆரம்பத்தில் அணியிலேயே கிடையாது. பிரதிகா ராவல் அடிபட்டதால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். வந்தவர் இறுதி ஆட்டத்தில் 87 ரன் அடித்து, 2 விக்கெட்டும் எடுத்தார். தீப்தி சர்மா 58 ரன்னும் 5 விக்கெட்டும் எடுத்தார்.

ஆயிரம் ரூபாய் வாங்கிய காலம்

இந்தக் கோப்பைக்குப் பின்னால் ஐம்பது வருட உழைப்பு இருக்கிறது. ஒரு செய்தி உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உலகக் கோப்பை கிரிக்கெட்டை முதலில் ஆடியது பெண்கள்தான். 1973இல் இங்கிலாந்தில் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. ஆண்கள் உலகக் கோப்பை அதற்கு இரண்டு வருடம் கழித்து 1975இல்தான் ஆரம்பித்தது.

அதே 1973இல் நம் நாட்டில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் பதிவானது. பெரிய கிரிக்கெட் வாரியத்தின் காசு அதற்குக் கிடையாது. நன்கொடை திரட்டித்தான் சங்கத்தை நடத்தினார்கள். வீராங்கனைகள் ரயிலில் சாதாரணப் பெட்டியில் மூட்டை முடிச்சோடு போய், பொதுவான கூடங்களில் படுத்து எழுந்து ஆடினார்கள். 1976இல் பாட்னாவில் மேற்கிந்தியத் தீவுகள் அணியை வென்று முதல் டெஸ்ட் வெற்றியைக் கொண்டு வந்தார்கள். அந்த அணிக்குத் தலைவி சாந்தா ரங்கசாமி. அவர் பிறந்தது நம்ம சென்னையில்தான்.

2005 உலகக் கோப்பையில் கடைசி ஆட்டம் வரை போன அணிக்கு, ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் கிடைத்தது என்று அப்போதைய தலைவி மிதாலி ராஜ் சொல்லியிருக்கிறார். 2006இல் பெண்கள் சங்கம் இந்திய கிரிக்கெட் வாரியத்தோடு இணைந்தது. அதற்கு அப்புறமும் ஒன்பது வருடம் போய், 2015இல்தான் பெண்களுக்கு வருட ஒப்பந்தம் என்று ஒன்று வந்தது.

உலகக் கோப்பை கையில் வந்த இரவில் இந்த வீராங்கனைகள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். மைதானத்தில் இருந்த மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி, அஞ்சும் சோப்ரா ஆகிய மூத்தவர்களின் கையில் கோப்பையைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார்கள். விதைத்தவர்களை மறக்கவில்லை.

சமக் கூலி வந்த கதை

2022 அக்டோபர் 27 அன்று இந்திய கிரிக்கெட் வாரியம் ஓர் அறிவிப்பு செய்தது. இனி ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆட்டக் கூலி ஒன்றுதான். ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம். அதற்கு முன்பு ஒருநாள் ஆட்டத்துக்கும் சரி, இருபது ஓவருக்கும் சரி, பெண்களுக்கு 1 லட்சம்தான். நியூசிலாந்து இதே போன்ற முடிவை அந்த வருடம் ஜூலையிலேயே எடுத்திருந்தது.

இது பெரிய விஷயம்தாங்க. ஆம்பளை ஆளுக்கு ஒரு கூலி, பொம்பளை ஆளுக்கு ஒரு கூலி என்று காலம் காலமாகப் பார்த்து வந்தவர்கள் நாம். நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோதுதான் நம்மில் பலர் முதல் தடவையாக ஆணுக்குச் சமமாகக் கூலியை எண்ணி வாங்கினோம். அந்தச் சந்தோஷம் நமக்குத் தெரியும்.

ஆனால் நம் குழுவில் கணக்குப் பார்க்கப் பழகிவிட்டோம் இல்லையா? "கூலி சமம்" என்று சொன்னவுடன் கை தட்டிவிட்டுப் போக மாட்டோம். "வருசத்துக்கு எத்தனை நாள் வேலை?" என்று கேட்போம். அதையும் கேட்டுப் பார்ப்போம்.

கணக்குப் பார்ப்போமா?

2025 கோடையில் நம் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே சமயத்தில் இங்கிலாந்தில் ஆடின. ஆண்கள் 5 டெஸ்ட் ஆடி 2-2 என்று சமன் செய்தார்கள். பெண்கள் இருபது ஓவர் தொடரை 3-2 என்றும், ஒருநாள் தொடரை 2-1 என்றும் வென்றார்கள். ஒரே நாடு, ஒரே பருவம், சமக் கூலி. இப்போது கணக்கு:

ஐந்து டெஸ்டிலும் ஆடிய ஒரு வீரருக்கு: 5 x 15 லட்சம் = 75 லட்சம்.

எட்டு ஆட்டத்திலும் ஆடிய ஒரு வீராங்கனைக்கு: 5 x 3 லட்சம் = 15 லட்சம். 3 x 6 லட்சம் = 18 லட்சம். மொத்தம் 33 லட்சம்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டெஸ்ட் என்பது ஐந்து நாள் வேலை. 15 லட்சத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு நாளைக்கு 3 லட்சம் வருகிறது. நாள் கூலியில் பெண்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்குக் கொடுத்த நாள்தான் குறைவு. 2025 முழுக்க ஆண்கள் அணி 10 டெஸ்ட் ஆடியது. பெண்கள் அணிக்கு ஒரு டெஸ்ட் கூடக் கிடைக்கவில்லை. உலகக் கோப்பை நடந்த வருடம் என்பதால் ஒருநாள் ஆட்டங்கள் மட்டும் ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகமாகக் கிடைத்தன. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பெண்களுக்கு டெஸ்ட் ஆடத் தெரியாதா என்றால், 2024 ஜூனில் நம்ம சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் ஆடிக் காட்டினார்கள். தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 603 ரன். பெண்கள் டெஸ்ட் வரலாற்றிலேயே அதற்கு முன் எந்த அணியும் அவ்வளவு எடுத்ததில்லை. ஷெபாலி 205, ஸ்மிருதி மந்தனா 149. சினே ராணா ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட். 10 விக்கெட்டில் வெற்றி. வேலை கொடுத்தால் செய்து முடிக்கிறார்கள்.

அடுத்தது வருட ஒப்பந்தம். ஆட்டக் கூலி நாள் கூலி மாதிரி என்றால், இது நிரந்தரச் சம்பளம் மாதிரி. அடிபட்டு வீட்டில் கிடந்தாலும் அடுப்பு எரியும். 2024-25இல் ஆண்களுக்கு இது 7 கோடி, 5 கோடி, 3 கோடி, 1 கோடி என்று நான்கு தரமாக இருந்தது. பெண்களுக்கு 50 லட்சம், 30 லட்சம், 10 லட்சம். ஆண்களில் கடைசித் தரத்துக்குக் கிடைத்ததில் பாதிதான் பெண்களில் முதல் தரத்துக்கு.

மூன்றாவது பரிசுப் பணம். இதில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 பெண்கள் உலகக் கோப்பையில் வென்ற அணிக்கு 44 லட்சத்து 80 ஆயிரம் டாலர் பரிசு. நம் பணத்தில் ஏறக்குறைய 40 கோடி. 2023 ஆண்கள் உலகக் கோப்பையில் வென்ற அணிக்குக் கிடைத்தது 40 லட்சம் டாலர்தான். அதோடு நம் வாரியம் பெண்கள் அணிக்கு 51 கோடி ரூபாய் அறிவித்தது. சாம்பியன்ஸ் கோப்பை வென்ற ஆண்கள் அணிக்கு அறிவித்தது 58 கோடி.

ஆகவே, பரிசு கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. ஆட்டக் கூலி சமம். ஆட்ட நாளும் நிரந்தரச் சம்பளமும் இன்னும் சமமாகவில்லை. கோப்பை வாங்கும் வருடம் எப்போதாவது வரும். சமையலுக்கு அரிசி தினமும் வேண்டும்.

"ஆம்பளை ஆட்டம்தானே பணம் கொண்டு வருது?"

இப்படி ஒரு கேள்வி கட்டாயம் வரும். அதில் உண்மை இருக்கிறது. ஆட்டத்தை டி.வி.யில் காட்டும் உரிமையை விற்றுத்தான் வாரியத்துக்குப் பெரும் பணம் வருகிறது. 2023 முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்கள் ஐ.பி.எல். உரிமை 48 ஆயிரம் கோடிக்கு மேல் போனது. பெண்கள் லீக் போட்டிக்கு அதே ஐந்து வருடத்துக்கு 951 கோடி. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருக்கிறது.

ஆனால் இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஆண்கள் லீக் 2008இல் ஆரம்பித்தது. பெண்கள் லீக் 2023இல்தான் ஆரம்பித்தது. பதினைந்து வருடம் முன்னால் நட்ட மரத்தையும் நேற்று நட்ட கன்றையும் பக்கத்தில் நிறுத்தி, "இது காய்க்கலையே" என்று சொன்னால் எப்படி?

நம் குழுக்கள் ஆரம்பித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். "பொம்பளைங்களுக்குக் கடன் கொடுத்தா திரும்பி வருமா?" என்றுதான் கேட்டார்கள். கொடுத்துப் பார்த்த பிறகுதான் நம் தவணை ஒழுங்காக வருவதைத் தெரிந்துகொண்டார்கள். முதல் கடனே கொடுக்காமல் திருப்பிக் கட்டும் பழக்கத்தை எப்படி அளப்பது? ஆட்டமும் அப்படித்தான். நல்ல மைதானம், நல்ல நேரம், டி.வி. மூன்றும் கொடுத்தால் கூட்டம் வருகிறது. 2020 மார்ச் 8, மகளிர் தினத்தன்று மெல்பர்னில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய இறுதி ஆட்டத்தைப் பார்க்க 86,174 பேர் வந்தார்கள்.

உள்ளூரிலும் மாற்றம் தொடங்கியிருக்கிறது. மாநில அணியில் ஆடும் பெண்களுக்கு நாள் ஒன்றுக்கு 20 ஆயிரமாக இருந்த கூலியை 2025 டிசம்பரில் வாரியம் 50 ஆயிரமாக உயர்த்தியது. இதுதான் கிராமத்துப் பிள்ளைகளுக்கு முக்கியமான செய்தி. நாட்டுக்காக ஆடுகிறவர்கள் பதினைந்து பேர். மாநிலங்களுக்காக ஆடுகிறவர்கள் பல நூறு பேர். விளையாட்டை நம்பிக் காலம் தள்ள முடியுமா என்று ஒரு வீடு யோசிப்பது அந்த இடத்தில்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

உலகக் கோப்பை அணியில் வேகப்பந்து வீசிய கிராந்தி கவுட், மத்தியப் பிரதேசத்தில் சத்தர்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். ரேணுகா சிங் இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு மலைக்கிராமத்துப் பெண். நம்ம சென்னைப் பெண் திருஷ் காமினி 2013இலேயே உலகக் கோப்பையில் நூறு ரன் அடித்தவர். உலகக் கோப்பையில் நூறு அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். பிள்ளைகளுக்குத் திறமைக்குக் குறைவில்லை. வயசுக்கு வந்ததும் "போதும், வீட்டுக்குள்ள வா" என்று கூப்பிடுவதில்தான் பாதிப் பிள்ளைகளின் ஆட்டம் நின்றுவிடுகிறது. பெரிய வாரியத்தில் ஆட்ட நாள் குறைவதும், நம் வாசலில் விளையாட்டு நேரம் குறைவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முனைகள்.

எல்லாப் பிள்ளையும் இந்திய அணிக்குப் போகப் போவதில்லை. போகவும் வேண்டாம். ஓடி ஆடி, தோற்று, மறுநாள் திரும்ப மைதானத்துக்குப் போகப் பழகினாலே போதும். மூன்று ஆட்டம் தோற்ற பிறகு கோப்பை வாங்கிய அணியிடம் கற்க வேண்டியது அதுதான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பேசிப் பாருங்கள்:

1. நம் ஊரில் எந்தெந்த வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி? எதற்கு இல்லை?

2. கூலி சமமாக இருக்கும் வேலையில், வருடத்துக்கு நமக்கு எத்தனை நாள் கிடைக்கிறது? ஆண்களுக்கு எத்தனை நாள்? யார் அதை முடிவு செய்கிறார்கள்?

3. நம் ஊர்ப் பள்ளியில் விளையாட்டு நேரத்தில் பெண் பிள்ளைகளுக்கு மைதானம் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால், தீர்மானம் போட்டு, பெற்றோராகப் போய்த் தலைமை ஆசிரியரைப் பார்க்க முடியுமா?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, உங்கள் பிரதிநிதி வழியாகக் கூட்டமைப்புக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த தடவை டி.வி.யில் பெண்கள் ஆட்டம் வரும்போது, ரிமோட்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்டால், "இது எங்க கூலிக் கணக்கு, பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லுங்கள்.